பீப்பாய் போன வழியே

எண்ணெய்க் கடையின் வாசலிலும் தார் காய்ச்சும் சாலையோரத்திலும் நாம் அன்றாடம் காணும் பீப்பாய்க்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தவர்கள் நம்மில் குறைவாகவே இருப்பார்கள். ஜன்னலையும் சாவியையும் மேசையையும் அலமாரியையும் போல, கடல் கடந்து நம் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் நம் பாஷையில் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. 'பீப்பா' என்பது அவர்கள் தேசத்தில் திராட்சை மதுவை நிறைத்து வைக்கும் மரக்கலத்தின் பெயர். கோப்பை என்று நாம் சொல்வதும் அவர்கள் கொடுத்ததுதான். போர்ச்சுக்கலின் வடக்கே, டோரோ என்னும் ஆற்றின் இரு மருங்கிலும் உள்ள மலைச் சரிவுகளில், பீப்பா என்பது இன்றும் ஒரு கலத்தின் பெயராக இருப்பதோடு ஓர் அளவின் பெயராகவும் வழங்குகிறது: 550 லிட்டர் கொண்டது ஒரு பீப்பா. இந்த ஆண்டு எத்தனை பீப்பா என்பதுதான் அறுவடை முடிந்ததும் அங்கே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

திராட்சை மது விளையும் பிரதேசம் ஒன்றை வாழ்நாளில் ஒரு முறை கண்டுவர ஆசைப்படும் நண்பர்கள் எங்கே போகலாம் என்று என்னைக் கேட்கும்போதெல்லாம் நான் டோரோவைச் சொல்வது இந்தச் சொல்லுறவுக்காக மட்டுமன்று. பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இதைவிடப் புகழ் வாய்ந்த தோட்டங்கள் உண்டு. ஆனால், பயிர் விளைவதற்கு மண்ணே இல்லாத ஒரு மலையில், பாறையை உடைத்து மண்ணை உண்டாக்கி, அந்த மண் மழையில் ஓடிவிடாதபடி மைல் கணக்கில் கல்லடுக்கிச் சுவர் கட்டி, அதில் கொடியை நட்டு வளர்த்த மனித உழைப்பை இவ்வளவு வெளிப்படையாகக் கண்ணுக்குக் காட்டும் இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. மதுவை நாவில் படவிடாத விரதமுடையவர்கூட இந்த மலைகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

முதல் பிரயாணம் போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் போர்ட்டோ நகரத்தில் தங்குகிறார்கள். பாலத்தைக் கடந்து அக்கரையிலுள்ள விலா நோவா டி காயாவுக்குப் போய், அங்கே வரிசையாக நிற்கும் மதுக் கிடங்குகளில் நான்கைந்துக்குள் நுழைந்து, நான்கைந்து கோப்பைகளைச் சுவைக்கிறார்கள். மறுநாள் விடியற்காலையில் ஒரு பேருந்தில் ஏறி மலைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி, நிழற்படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். கதையின் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. மலையில் பிறந்த மது, ஆற்று வழியே இறங்கி, கடலோரக் கிடங்கில் முதிர்ந்து, கப்பலேறியது. அந்த முறையிலேயே நாமும் முதலில் மலைக்குப் போய், பிறகு ஆற்றோடு இறங்கி, கடைசியில் காயாவுக்கு வந்து சேருவது உசிதம். பீப்பாய் போன வழியே போனால் கோப்பையில் இருப்பது இன்னதென்று தானாக விளங்கும்.

டோரோ ஸ்பெயின் தேசத்து மலைகளில் பிறந்து, மேற்கே ஓடி, ஏறக்குறைய 900 கிலோமீட்டர் கடந்து போர்ட்டோவில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கிறது. சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்றை 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மராவோ மலை தடுத்துவிடுவதால், மலைக்கு மேற்கே பசுமையும் தூறலுமாக இருக்கும் தேசம், கிழக்கே வந்ததும் வறண்ட, வெடித்த, வெயில் கொளுத்தும் பூமியாக மாறிவிடுகிறது. ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊர் ஜனங்கள் தங்கள் பருவங்களைப் பற்றிச் சொல்வதுண்டு. கோடையில் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். நிலமோ, ஏடு ஏடாகப் பிளக்கும் ஷிஸ்ட் என்ற பாறை. அந்தப் பாறையின் ஏடுகள் செங்குத்தாகப் பிளந்திருப்பதால் கொடியின் வேர் அந்த இடுக்குகளின் வழியே பல மீட்டர் ஆழம் இறங்கி, மேலே ஒரு சொட்டு ஈரமில்லாத ஆடி வெயிலிலும் கீழே தங்கியிருக்கும் தண்ணீரைத் தேடிக்கொள்கிறது. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தக் கல் இரவில் மெல்ல வெளிவிட்டுக் காய்களைப் பழுக்க வைக்கிறது.

சுவர்களைப் பற்றி இங்கே நின்று கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பலர் இவற்றை ஒரு காட்சியாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், கல்லின் மேல் கல்லைப் பொருத்தி எழுப்பிய சுவர்கள் இவை. அண்டைக் கிராமத்துக் கூலியாட்களும், எல்லைக்கு அப்பாலுள்ள கலீசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும், கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கட்டியவை. மிகப் பழைய சுவர்களின் முகத்தில் வரிசையாகத் துளைகள் தெரியும். கொடியை அந்தத் துளைகளில் நட்டு, மேல் தட்டிலுள்ள கையகல மண்ணைத் தானியத்துக்கு விட்டுவைத்த ஏழைக் குடியானவனின் கணக்கு அது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவு சிறிய பூச்சி கொடிகளின் வேரைத் தின்று இந்த மலைகளைச் சுடுகாடாக்கிற்று. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் அடித்தண்டில் தங்கள் கொடியை ஒட்டுக் கட்டும் வித்தை பரவுவதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. அன்று கைவிடப்பட்ட படிநிலங்கள் இன்றும் புதரும் காட்டு ஒலிவமுமாக மேல் சரிவுகளில் கிடக்கின்றன. 'மோர்த்தோரியோ' என்று, சாவை நினைவூட்டும் ஒரு பெயரால் அவற்றை உள்ளூரில் அழைக்கிறார்கள். உயிருள்ள தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இந்த மடிந்த தோட்டத்தையும் பார்க்கும்போதுதான் மற்றதன் அருமை உறைக்கிறது. 2001-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார நிறுவனமான யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை உலகப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. இயற்கை வனப்புக்காகக் கொடுத்த சிறப்பல்ல அது, மனிதர் உழைத்து ஆக்கிய நிலக்காட்சிக்குக் கொடுத்தது.

இந்த மலைக்கு எல்லை வகுத்த வரலாறும் அறியத்தக்கது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை மூண்டிருந்த காலத்தில், 1703-ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்றின்படி போர்ச்சுக்கல் மதுவுக்குப் பிரெஞ்சு மதுவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரியே விதிக்கப்பட்டதால், ஆங்கில வர்த்தகர்கள் போர்ட்டோவில் வந்து குவிந்தனர். கிராக்கி பெருகியதும் கலப்படமும் பெருகிற்று. நிறமில்லாத மதுவுக்கு எல்டர் என்ற செடியின் கறுத்த பழச்சாற்றை ஊற்றி நிறம் ஏற்றினார்கள். பெயர் கெட்டது, விலை வீழ்ந்தது. 1755-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் தரைமட்டமான லிஸ்பனை மீண்டும் எழுப்பிய அதே மந்திரி, பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர், 1756-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி ராஜ சாசனத்தால் ஒரு கம்பெனியை ஸ்தாபித்து, நல்ல மது விளையும் நிலம் இதுவரைதான் என்று 300-க்கும் அதிகமான கருங்கல் தூண்களை நட்டு எல்லை காட்டினார். எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கச் செய்தார். எல்லையும் தரமும் மேற்பார்வையும் சேர்ந்து அமைந்த உலகின் முதல் திராட்சைப் பிரதேசங்களுள் ஒன்றாக டோரோ ஆனது இப்படித்தான். மறு ஆண்டே கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துப் போர்ட்டோவில் ஜனங்கள் கலகம் செய்ததையும், அதைக் கொடிய தண்டனைகளால் பொம்பால் அடக்கியதையும் மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயமாகாது. தூண்களில் சில இன்னும் கொடிகளின் நடுவே நிற்கின்றன. தங்கும் தோட்டத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

இனி, போர்ட் என்று உலகம் அழைக்கும் அந்த இனிப்பு மது எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் கிடங்கில் சொல்லும் விளக்கங்கள் பாதி புரிந்துவிடும். திராட்சைச் சாறு தன் தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டினால் புளிக்கத் தொடங்கி, சர்க்கரை சிறிது சிறிதாகச் சாராயச் சத்தாக மாறும். அப்படியே விட்டால் சர்க்கரை முழுவதும் தீர்ந்து துவர்ப்பான மதுவாகிவிடும். டோரோவிலோ, இரண்டு மூன்று நாளில், சர்க்கரை பாதி கரைந்த தருணம் பார்த்து, திராட்சையிலிருந்தே வடித்த, நூற்றுக்கு 77 பங்கு வீரியமுள்ள சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது வழிவழியாக வந்த கணக்கு. கூட்டினால் சரியாக ஒரு பீப்பா. ஈஸ்ட் அந்த வீரியத்தில் மடிந்துபோக, மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடுகிறது. இனிப்பும் வீரியமும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுவே.

புளிக்கும் அவகாசம் இவ்வளவு குறைவாக இருப்பதால் தோலிலுள்ள நிறத்தையும் சாரத்தையும் வெகு விரைவில் பிழிந்தெடுத்தாக வேண்டும். அதற்காகவே, 'லகார்' என்னும் முழங்கால் ஆழமுள்ள அகன்ற கருங்கல் தொட்டியில் பழத்தைக் கொட்டி மனிதர்கள் மிதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. மனிதப் பாதம் தோலைக் கிழிக்கும். ஆனால் கசப்பான விதையை நசுக்காது. இயந்திரம் செய்தவர்கள் இந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் சிலிக்கோன் பாதங்கள் பொருத்திய மிதி யந்திரங்களைச் செய்தார்கள். மாலையில், அறுவடை முடித்து வந்த ஆண்களும் பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வரிசையாக நின்று, ஒருவர் தாளம் சொல்ல, இடம் வலம் என்று ஒரே சீராக மெல்ல மெல்ல முன்னேறுவார்கள். முதல் இரண்டு மணி நேரம் பேச்சும் சிரிப்பும் இல்லாத கடும் உழைப்பு. அது முடிந்ததும் 'விடுதலை' என்று ஒரு குரல் எழும். அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கும். வரிசை கலைந்து தொட்டிக்குள்ளேயே நடனம் ஆரம்பமாகும். எல்லாத் தோட்டத்திலும் இன்று இது இல்லை. உயர்ந்த தரத்து மதுவுக்குச் சில தோட்டங்கள் மட்டும் விடாமல் காப்பாற்றி வருகின்றன.

எப்போது போவது? செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அறுவடை. பார்க்க அதைவிடச் சிறந்த காலமில்லை என்றாலும், அறைகள் கிடைப்பது அரிது, தோட்டக்காரர்களுக்கோ விருந்தாளியோடு பேச நேரம் இராது. ஏதேனும் ஒரு தோட்டத்தில் மாதக்கணக்கில் முன்னதாகவே எழுதி இடம் உறுதி செய்துகொண்டால்தான் அக்காலத்தில் போகலாம். கொடிகள் தழைத்துப் பூக்கும் மே மாதத்தையும், இலைகள் செம்பும் பொன்னுமாக மாறும் அக்டோபர் பிற்பகுதியையும் முதல் பிரயாணத்துக்கு நான் சிபாரிசு செய்வேன். பிப்ரவரி கடைசியில் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் வாதுமை மரங்கள் வெள்ளையாகப் பூத்து நிற்கும். கூட்டம் வேண்டாம், சுவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்பவர் மார்கழி, தை மாதங்களில் போகலாம். இலையெல்லாம் உதிர்ந்த மலையில் கல்வரிசைகள் ஒன்றுவிடாமல் தெரியும். ஜூலை, ஆகஸ்டு வேண்டாம்.

நம் ஊரிலிருந்து போர்ட்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. லிஸ்பன் போய் அங்கிருந்து மூன்று மணி நேரம் ரயிலில் வரலாம், அல்லது ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறலாம். இந்தியப் பிரஜைகளுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறையக் கூடாது. கோடையில் விண்ணப்பம் கொடுக்கவே நாள் கிடைப்பது சிரமமாதலால் இதை முதல் காரியமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

போர்ட்டோவில் இறங்கியதும் அக்கரைக் கிடங்குகளைத் திரும்பிப் பார்க்காமல் சாவோ பெந்தோ ரயில் நிலையத்துக்குப் போங்கள். 20,000 நீல ஓடுகளில் போர்ச்சுக்கலின் சரித்திரம் தீட்டப்பட்ட அந்த மண்டபத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போகலாம். டோரோ ரயிலில் கிழக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கத்து ஜன்னலோரம் உட்கார வேண்டும். முதல் ஒரு மணி நேரம் விசேஷமாக ஒன்றுமில்லை. அதன்பின் ஒரு குகையைத் தாண்டியதும் ஆறு திடீரென்று காலடியில் வந்து சேர்ந்து, பிறகு விட்டுப் பிரிவதேயில்லை. ரேகுவா ஊரில் டோரோ அருங்காட்சியகம் இருக்கிறது. நேரமுள்ளவர்கள் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் தொடரலாம். சுமார் இரண்டரை மணி நேரத்தில் பினியாவோ என்ற சிற்றூர் வரும். அங்கே இறங்கி மூன்று இரவு தங்குங்கள். 1937-ல் பதித்த நீல ஓட்டுச் சித்திரங்கள் அந்தச் சின்ன நிலையத்தின் சுவர் முழுவதும் இருக்கின்றன: கூடை சுமக்கும் ஆட்கள், மிதிக்கும் தொட்டி, படகில் ஏறும் பீப்பாய்கள். நான் அங்கே இறங்கிய பிற்பகலில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சித்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது என்னோடு இறங்கியவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.

தோட்டத்துக்குக் 'கிந்தா' என்று பெயர். முன்னதாகச் சொல்லாமல் வாசலில் போய் நிற்பது பயனில்லை. பெரும்பாலான கிந்தாக்கள் நேரம் குறித்துத்தான் விருந்தாளிகளை ஏற்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு போதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. போர்ட் மதுவின் வீரியம் நூற்றுக்கு 19 முதல் 22 வரை. சாதாரணத் திராட்சை மதுவைவிட மிக அதிகம். மேசை மேல் வைத்திருக்கும் படிக்கம் அலங்காரத்துக்காக அல்ல. வாயில் வைத்துச் சுவையை உணர்ந்தபின் அதில் உமிழ்ந்துவிடுவது அங்கே மரியாதைக் குறைவாகாது, தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். மோட்டார் ஓட்டுகிறவர் சுவைக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. அந்த மலைச் சாலைகள் ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் பள்ளமுமாக இருப்பவை. பினியாவோவிலிருந்து நடந்தே போகக்கூடிய கிந்தாக்கள் உண்டு. மேலே காசால் டி லோய்வோஸ் என்ற கிராமத்துக்கு வாடகைக் காரில் ஏறிப்போய், ஆறு வளையும் வளைவை அந்திப் பொழுதில் பார்த்துவிட்டுக் கொடிகளின் ஊடே இறங்கி நடந்து வரலாம்.

மதுவின் சுவை எது போல இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லையே என்று கூச வேண்டியதில்லை. இது எந்தச் சரிவில் விளைந்தது, வெயில் எந்தப் பக்கம், கொடிக்கு எத்தனை வயது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், தோட்டக்காரர் மனம் திறந்து பேசிவிடுவார். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதன் உயரம், சரிவு, மண், கொடியின் வயது ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு வகுப்புப் பிரித்து, அதன்படியே இத்தனை பீப்பா போர்ட் செய்யலாம் என்று அனுமதி கொடுக்கும் முறை அங்கே இன்றும் நடப்பதால், இந்தக் கேள்விகள் அவர்கள் ஜீவனத்தைத் தொடும் கேள்விகள். சைவ உணவுக்காரர்கள் மட்டும் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கீரை சூப்பிலும் ஒரு துண்டு இறைச்சி மிதக்கும். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டால் ரொட்டி, ஒலிவம், பாலாடைக்கட்டி, வாதுமை, அத்திப்பழம் என்று நிறைவாகவே பரிமாறுவார்கள்.

திரும்பி வரும்போது, கூடுமானால் ரேகுவாவிலிருந்து போர்ட்டோ வரை படகில் வாருங்கள். அணைகள் கட்டப்படுவதற்கு முன் இந்த ஆறு பாறையும் சுழலுமாக இருந்தது. தட்டையான அடிப்பாகமும் ஒற்றைச் சதுரப் பாயும் நீண்ட சுக்கானும் உடைய ரபேலோ என்ற படகுகள் பீப்பாய்களைச் சுமந்துகொண்டு அதில் இறங்கின. எத்தனையோ படகோட்டிகள் மாண்டார்கள். இந்த ஆற்றை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் வரைந்த ஆங்கில வர்த்தகர் பாரஸ்டர், 1861 மே மாதத்தில் வலேரா என்ற சுழலில் படகு கவிழ்ந்து மூழ்கினார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. இடுப்பில் கட்டியிருந்த பணப்பையின் பாரமே அவரை இழுத்தது என்று சொல்வார்கள். அதே படகில் இருந்த அந்தோனியா ஃபெரேரா அம்மாள் பிழைத்தார். அக்காலப் பெண்களின் அகன்ற பாவாடை காற்று நிறைந்து மிதந்து அவரைக் காப்பாற்றியது என்பது ஊர் வழக்கு. இளம் வயதிலேயே விதவையாகி, இருபதுக்கு மேற்பட்ட கிந்தாக்களை நிர்வகித்து, பூச்சி நோயின் கொடுமைக்குப் பிறகும் புதிய தோட்டங்களை உண்டாக்கிய அந்த அம்மாளை டோரோ ஜனங்கள் இன்றும் தங்கள் வீட்டுப் பெண் போலச் செல்லப் பெயரிட்டு அழைக்கிறார்கள். இன்று அணைகளின் பின்னால் ஆறு ஏரி போல் கிடக்கிறது. கர்ரப்பதேலோ அணையில் படகு ஓர் ஆழ்ந்த தொட்டிக்குள் நுழைய, கதவு மூடி, தண்ணீர் வடிய வடிய 35 மீட்டர் கீழே இறங்கும்போது, அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கீற்றாகத் தெரியும்.

மலையின் உக்கிர வெயிலில் முதிர்ந்தால் மது சீக்கிரம் வாடிவிடும் என்பதால்தான் சமுத்திரக் காற்று குளிர்விக்கும் காயாவில் கிடங்குகள் எழுந்தன. 1986 வரையில் ஏற்றுமதியாகும் போர்ட் முழுவதும் இங்கிருந்தே போக வேண்டுமென்று சட்டமும் இருந்தது. மரக்கலத்தில் பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் கிடந்து, மரத்தின் துவாரங்கள் வழியே காற்றோடு உறவாடி, சிவப்பு மங்கித் தேன் நிறமாக மாறியது டானி. இரண்டு மூன்று ஆண்டிலேயே கலத்தை விட்டுப் புட்டிக்குப் போய், புட்டிக்குள்ளேயே பல்லாண்டு முதிர்வது, சிறந்த ஆண்டுகளில் மட்டும் செய்யப்படும் விண்டேஜ். மலையில் மூன்று நாள் கழித்து வந்தவருக்கு இந்தப் பாடம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நான் போயிருந்த கிடங்கில், இருட்டில் மூன்றடுக்காகப் படுத்திருந்த மரக்கலங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் ஒரு பீப்பா என்று அந்த வயதான வழிகாட்டி சொன்னார். எங்கள் பாஷையிலும் அதற்கு பீப்பாய் என்றுதான் பெயர் என்று சொன்னேன். நம்பாதவர் போல என்னைப் பார்த்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். அந்தச் சொல்லை மெதுவாகத் தாமும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கோப்பையை விளக்கின் எதிரே உயர்த்திப் பிடித்து, அப்படியானால் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்.